கார் ஸ்பீக்கர் மாத்தப் போறீங்களா? டப்பா மேல போட்ட வாட்ட விட டோர் முக்கியம்

கார் வாங்கி ரெண்டு மாசம் ஓட்டுனதும் நிறைய பேருக்கு வர்ற ஆசை, கம்பெனி ஸ்பீக்கர கழட்டிட்டு நல்லதா ஒண்ணு போடணும்ங்கறது. பாண்டியிலயோ கடலூர்லயோ ஒரு ஆக்சஸரீஸ் கடைக்குப் போனீங்கன்னா ஒரே 6.5 இஞ்ச் சைஸ்ல பத்து டப்பா எடுத்து வைப்பாங்க, ஒண்ணு 250 வாட், இன்னொண்ணு 350 வாட், பக்கத்துலயே 60 வாட்டுன்னு போட்ட டப்பா, ஆனா அதுக்குத்தான் விலை ரெண்டு மடங்கு. இங்கதான் குழப்பமே ஆரம்பிக்குது. 350 வாட்டு கம்மி விலைக்குக் கிடைக்கறப்ப 60 வாட்டுக்கு எதுக்கு ஜாஸ்தி காசு குடுக்கணும்னு 350ஐ மாட்டிட்டு வீட்டுக்கு வந்து பாட்டு போட்டா, கழட்டிப் போட்ட பழைய ஸ்பீக்கரை விட சத்தம் கம்மியா இருக்கும், பேஸும் காணாமப் போயிருக்கும். உடனே டூப்ளிகேட் குடுத்துட்டாங்கன்னு தோணும். டூப்ளிகேட்டும் மார்க்கெட்ல இருக்குதான், ஆனா பல நேரம் சரக்கு ஒரிஜினல், பொருத்தம்தான் தப்பு. அந்தப் பொருத்தம் என்னன்னு அடிப்படையில இருந்து பாப்போம்.

ஸ்பீக்கருக்குள்ள என்ன நடக்குது

காந்தத்துக்கு நடுவுல ஒரு சின்ன இடுக்கு, அதுக்குள்ள செம்புக் கம்பி சுத்துன ஒரு உருளை, அதுதான் வாய்ஸ் காயில். ஸ்டீரியோல இருந்து வர்ற கரன்ட் இந்தக் காயில்ல ஒருவாட்டி இந்தப் பக்கம் ஒருவாட்டி அந்தப் பக்கம்னு ஓடும்போது காயில் முன்னாடியும் பின்னாடியும் ஆடும், அதோட ஒட்டியிருக்குற கோன் காத்தைத் தள்ளும், அது நம்ம காதுக்கு சத்தமா வரும். கோனை ஓரத்துல ஃபிரேமோட புடிச்சிருக்குற வளையத்துக்கு சரவுண்டுன்னு பேரு.

100 ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 100 தடவை ஆடுது. இங்க ஒரு முக்கியமான கணக்கு இருக்கு, அதே அளவு சத்தத்தோட 50 ஹெர்ட்ஸ் வேணும்னா கோன் முன்ன ஆடுனதை விட நாலு மடங்கு தூரம் ஆடணும். அதனாலதான் சின்ன ஸ்பீக்கர் பேஸுக்குத் திணறுது. உச்ச ஸ்தாயிக்கு இது அப்படியே தலைகீழ், ஆடுற தூரம் ரொம்ப ரொம்ப கம்மி ஆனா ஆடுற பொருள் லேசா இருக்கணும், பெரிய கோன் அவ்வளவு வேகத்துக்கு ஈடு குடுக்காது. அந்த வேலைக்குத்தான் ட்வீட்டர்னு தனியா ஒரு சின்ன ஸ்பீக்கர்.

50 வாட் எங்க இருந்து வந்துச்சு

ஸ்டீரியோ மேல "50 வாட் × 4"ன்னு எழுதியிருக்கும். அது நிஜமா எவ்வளவுன்னு நாமளே கணக்கு போட்டுப் பாத்துடலாம், பெரிய கணக்கு இல்ல.

1. பேட்டரியை 12 வோல்ட்டுன்னு சொல்றோம், இன்ஜின் ஓடும்போது அதிகபட்சம் 14.4 வோல்ட் பக்கம் இருக்கும்.
2. சாதாரண ஸ்டீரியோக்குள்ள இருக்குற ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) சிப்பு இந்த வோல்ட்டேஜை ஏத்தாது. அதனால ஸ்பீக்கர் ஒயருக்கு உச்சபட்சமா போகக்கூடியது அதே 14.4தான்.
3. பாட்டோட அலை ஏறி இறங்குற அலை, எப்பவும் உச்சத்துல நிக்காது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு சமமான நிலையான அளவைத்தான் ஆர்எம்எஸ்னு சொல்றாங்க. 14.4ஐ 1.414ஆல வகுத்தா ஏறக்குறைய 10.2 வோல்ட்.
4. ஸ்பீக்கர் 4 ஓம்னா (ஓம்ங்கறது கரன்டுக்கு ஸ்பீக்கர் குடுக்குற தடையோட அளவு), 10.2 × 10.2 ÷ 4 = 26 வாட். சிப்புக்குள்ள ஆகுற நஷ்டத்தையும் கழிச்சா சுத்தமா கிடைக்கறது 18, 20 வாட்.
5. அப்ப 50? வால்யூமை முழுசாத் திருகி, அலையோட தலை வெட்டுப்பட்டு மேல கீழ சப்பையா ஆனா, 14.4 × 14.4 ÷ 4 = 52. அதாவது சத்தம் கிழிஞ்சு நாசமான நிலையில வர்ற வாட்டுதான் அந்த 50.

இது மூணு வருஷம் முந்தின ஸ்டீரியோவுக்கும் பொருந்தும், இன்னைக்கு வர்ற பெரிய டச் ஸ்கிரீன் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவுக்கும் பொருந்தும், தனி ஆம்ப் இல்லாத வரைக்கும் இந்த 14.4ஐத் தாண்டி வர வழி இல்ல.

ஸ்பீக்கர் டப்பால இருக்குற வாட் வேற விஷயம். ஸ்பீக்கர் எந்த வாட்டையும் தயாரிக்காது, அது தாங்குற அளவுதான் அங்க எழுதியிருக்கு. மொட்டை மாடியில ஆயிரம் லிட்டர் டேங்க் வச்சா ஆயிரம் லிட்டர் தண்ணி தானா வந்துடுமா, கீழ மோட்டார் ஏத்துனாதான் வரும். அதுலயும் "350 வாட்"ங்கறது பீக், ஒரு நொடி கூட இல்ல, கண் இமைக்கற நேரத்துக்குத் தாங்குறது. அதே டப்பால திருப்பிப் பாத்தா சின்ன எழுத்துல ஆர்எம்எஸ் 40ன்னோ 50ன்னோ இருக்கும், நாம பாக்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்து மட்டும்தான். விலை ஜாஸ்தியா இருந்த அந்த 60 வாட் டப்பால போட்டிருந்தது ஆர்எம்எஸ்ஸா இருக்கும், அதாவது நேர்மையா எழுதுன நம்பர். ஆர்எம்எஸ் எங்கயுமே போடாத டப்பான்னா கீழ வச்சிருங்க, அதுல பேச ஒண்ணும் இல்ல.

சத்தத்தை முடிவு பண்றது சென்சிட்டிவிட்டி

ஒரு வாட் குடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தா எவ்வளவு டெசிபெல் சத்தம் வருதுங்கறதுதான் சென்சிட்டிவிட்டி. கார் ஸ்பீக்கர்ல இது பொதுவா 86ல இருந்து 93 வரைக்கும் இருக்கும். பாக்க சின்ன வித்தியாசமாத் தெரியும், ஆனா டெசிபெல் கணக்குல 3 ஏறுனா ரெண்டு மடங்கு பவர் குடுத்ததுக்கு சமம், 6 ஏறுனா நாலு மடங்கு. 92 டெசிபெல் ஸ்பீக்கர் 18 வாட்ல போடுற சத்தத்தை 86 டெசிபெல் ஸ்பீக்கர் போடணும்னா அதுக்கு 72 வாட் வேணும், உங்க ஸ்டீரியோவால ஜென்மத்துக்கும் அது முடியாது.

இப்ப முதல்ல சொன்ன குழப்பத்துக்கு விடை கிடைச்சிருக்கும். ஜாஸ்தி பவர் தாங்கணும்னு செஞ்ச ஸ்பீக்கர்ல காயில் தடியா இருக்கும், கோன் கனமா இருக்கும், சரவுண்டு விறைப்பா இருக்கும், அதையெல்லாம் அசைக்கவே நிறைய பவர் வேணும். கம்பெனி ஸ்பீக்கர் லேசான பேப்பர் கோன், சின்ன காயில், 18 வாட்லயே நல்லாத் துள்ளும். அதனாலதான் தனி ஆம்ப் இல்லாம வெறும் ஸ்டீரியோல ஓட்டப் போறவங்க 90க்கு மேல சென்சிட்டிவிட்டி இருக்குறதா பாத்து வாங்கணும், வாட்டைப் பத்திக் கவலையே வேணாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில கம்பெனி "1 வாட்"டுக்கு பதிலா "2.83 வோல்ட்"னு போட்டு அளந்திருப்பாங்க. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1 வாட்தான், ஆனா 4 ஓமுக்கு 2 வாட் ஆயிடும், அதனால அந்த நம்பர்ல இருந்து 3ஐக் கழிச்சிட்டுத்தான் இன்னொரு கம்பெனியோட ஒப்பிடணும்.

ஓம்

கார்ல பொதுவா 4 ஓம். சில கம்பெனி 3 ஓம், 2 ஓம்னு குடுக்குறாங்க, ஓம் குறைஞ்சா கரன்ட் ஜாஸ்தி ஓடும், சத்தமும் கொஞ்சம் கூடும், ஆனா ஸ்டீரியோவோட ஆம்ப் சூடாகும். ஸ்டீரியோ மேனுவல்ல எத்தனை ஓம் வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கும், அதுக்குக் கீழ போகாதீங்க. ஒரே ஒயர்ல ரெண்டு 4 ஓம் ஸ்பீக்கரை பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ்னு சேத்துக் கட்டுனா அது 2 ஓம் ஆயிடும்ங்கறதையும் ஞாபகம் வச்சிக்கங்க.

கோஆக்ஸியலா, காம்போனென்டா

கோஆக்ஸியல்னா பெரிய கோனுக்கு நடுவுலயே ட்வீட்டர் உக்காந்திருக்கும், பழசைக் கழட்டிட்டு அதே இடத்துல மாட்டிட்டு வந்துடலாம். காம்போனென்ட்னா கோன் தனி, ட்வீட்டர் தனி, நடுவுல கிராஸ்ஓவர்னு ஒரு சின்ன டப்பா, கீழ் ஸ்தாயியை கோனுக்கும் மேல் ஸ்தாயியை ட்வீட்டருக்கும் பிரிச்சு அனுப்பற வேலை அதோடது.

எது தேவைங்கறது கார்ல ஸ்பீக்கர் எங்க இருக்குங்கறதைப் பொறுத்தது. நம்ம கார்ல பெரும்பாலும் முன் டோர்ல, முழங்காலுக்கும் கீழ இருக்கும். பேஸோட அலை பல மீட்டர் நீளம், 60 ஹெர்ட்ஸ்னா ஐந்தரை மீட்டருக்கு மேல, அது காலையும் சீட்டையும் சுத்திக்கிட்டு வந்துடும். 10,000 ஹெர்ட்ஸோட அலை மூணரை சென்டிமீட்டர்தான், வெளிச்சம் மாதிரி நேர்க்கோட்டுல போகும், உங்க தொடையிலயே முட்டி நின்னுடும். பாடுறவங்க சொல்ற ச, ஸ உச்சரிப்பு, ஜால்ரா ஓசை, நாதஸ்வரத்தோட கூர்மை எல்லாம் அங்கதான் போயிடுது. ட்வீட்டரைக் கண்ணாடி பக்கம், டேஷ்போர்டு மூலையில வச்சா பாட்டு கால்கிட்ட இருந்து எந்திரிச்சு கண்ணு முன்னாடி வந்து நிக்கும். கார்ல ஏற்கனவே ட்வீட்டருக்கு இடம் விட்டிருந்தாங்கன்னா யோசிக்காம காம்போனென்ட் போடலாம், இடமே இல்ல, முன் கண்ணாடி ஓரத்துத் தூண் கவரை ஓட்டை போடணும்னா, நல்ல கோஆக்ஸியலே போதும்னுதான் நான் சொல்லுவேன்.

ட்வீட்டர்ல சில்க் டோம்னா மென்மையா இருக்கும், அலுமினியம்னா பளிச்சுன்னு இருக்கும், ரொம்ப நேரம் கேட்டா சிலருக்குக் காது குத்தும், இது அவங்கவங்க காதைப் பொறுத்தது. பின் ஸ்பீக்கர்? கையில இருக்குற காசை முன்னாடி ரெண்டுக்கே போடுங்க, பின்னாடி கம்பெனியோடதே இருக்கட்டும். மேடையைப் பாத்துதான் கச்சேரி கேப்போம், மேடைக்கு முதுகு காட்டிக்கிட்டு இல்ல.

டோர்தான் ஸ்பீக்கர் பெட்டி

இந்தக் கட்டுரையை எழுத உக்காந்ததே இதைச் சொல்லத்தான். வீட்டு ஸ்பீக்கர் ஏன் மரப்பெட்டிக்குள்ள இருக்கு? கோன் முன்னாடி காத்தைத் தள்ளும்போது பின்னாடி அதே அளவு காத்தை இழுக்குது. முன்னாடி அலையும் பின்னாடி அலையும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர், ரெண்டும் சந்திச்சா அடிச்சுக்கிட்டு ஜீரோ ஆயிடும், முக்கியமா பேஸ்ல. பெட்டி அந்தப் பின்பக்க அலையை அடைச்சு வைக்குது. கார்ல அந்தப் பெட்டி உங்க டோர்தான், ஆனா டோர் எப்படி இருக்கு? உள் தகட்டுல கை போற அளவுக்கு ஓட்டைங்க, அது மேல ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்டு, வெளித் தகடு தட்டுனா டின் டப்பா மாதிரி டங்குனு சத்தம் போடும். இதுக்குள்ள எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரைப் போட்டாலும் பேஸ் அந்த ஓட்டை வழியா வந்து தானே தன்னைக் கொன்னுக்கும், தகடு தன் பங்குக்கு ஜிர்ருனு சேந்து பாடும். அதனால டேம்பிங், அதாவது தகட்டோட அதிர்வை அடக்கி ஓட்டையை அடைக்கற வேலை.

1. வெளித் தகட்டோட உள் பக்கத்துல பியூட்டைல் ரப்பர் டேம்பிங் ஷீட் ஒட்டணும். முழுசா மூட வேண்டாம், தகட்டோட நடுப்பகுதியில பரவலா ஒட்டுனாலே அதிர்வு செத்துடும். தட்டிப் பாத்தா டங்குனு வந்தது டொப்புனு வரணும். தார் மாதிரி நாத்தம் அடிக்கிற விலை மலிவு ஷீட் வேணாம், நம்ம ஊரு மே மாச வெயில்ல உருகிக் கீழ வழிஞ்சிடும்.
2. உள் தகட்டுல இருக்குற பெரிய ஓட்டைங்களை அடைக்கணும். வெறும் ஷீட்டை மேல இழுத்து ஒட்டுனா அதுவே மேளத்தோல் மாதிரி ஆடும், விறைப்பான பிளாஸ்டிக்கையோ அலுமினியத் தகட்டையோ வச்சு அது மேல ஷீட் ஒட்டணும். கண்ணாடி மோட்டாரோ லாக்கோ ரிப்பேர் ஆனா நாளைக்குத் திறக்கணும், அதுக்கு ஏத்த மாதிரி.
3. ஸ்பீக்கர் உக்காற வளையமான ஸ்பேசருக்கும் தகட்டுக்கும் நடுவுல ஃபோம் டேப் சுத்தி, இடுக்கு இல்லாம ஸ்குரூவை எல்லாப் பக்கமும் சமமா டைட் பண்ணணும்.
4. டோர் அடியில தண்ணி வெளிய போற சின்னத் துவாரங்க இருக்கும். அதை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் அடைச்சிடக் கூடாது.

ரெண்டு முன் டோருக்கு இந்த வேலை செய்ய நேரம் ஆகும், அவசரப்படுற கடையில பத்து நிமிஷத்துல டோர் பேடை (உள் பக்க கவரை) கழட்டி ஸ்பீக்கரை மாத்தி மூடிடுவாங்க. 15,000 ரூபா ஒதுக்கியிருக்கீங்கன்னு வச்சிக்குவோம், அதுல 14,000க்கு ஸ்பீக்கர் வாங்கறவங்களை விட 9,000க்கு ஸ்பீக்கரும் மீதிக்கு டேம்பிங், ஸ்பேசர், நல்ல ஒயர்னு பிரிச்சவங்க கார்லதான் பேஸ் நல்லா வரும். இன்னொரு லாபமும் இருக்கு. ஈசிஆர்ல 80ல போகும்போது வர்ற டயர் சத்தம் முக்கால்வாசி கீழ் ஸ்தாயிலதான் இருக்கும், பாட்டோட பேஸை மூழ்கடிக்கறது அதுதான், டேம்பிங் அதையும் கொஞ்சம் குறைக்கும்.

உப்புக் காத்தும் கார்த்திகை மழையும்

கோயம்புத்தூர்ல பத்து வருஷம் உழைக்கிற ஸ்பீக்கர் நம்ம பக்கம் அதுல பாதி கூட உழைக்காமப் போக வாய்ப்பு இருக்கு. கடலூர் சில்வர் பீச் பக்கமோ பாண்டியில முத்தியால்பேட்டை, அரியாங்குப்பம் பக்கமோ வீடு இருக்குறவங்களுக்கு இது புதுசில்ல, ஜன்னல் கம்பிக்கு என்ன ஆகுதோ அதேதான் டோருக்குள்ளயும் ஆகுது. அதோட எந்தக் கார் டோரும் தண்ணி புகாத டோர் கிடையாது, கண்ணாடி ஓரமா மழைத் தண்ணி உள்ள இறங்கி அடியில இருக்குற துவாரம் வழியா வெளிய போறதாதான் கம்பெனியே டிசைன் பண்றான். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் உங்க ஸ்பீக்கரோட முதுகு மேல அந்தத் தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும்.

என்னென்ன கெடும்னு பாத்தா, காந்தம் ஃபெரைட்டா இருந்தா அது துருப்பிடிக்காது, அதுவே ஒரு ஆக்சைடு. ஆனா அதுக்கு மேலயும் கீழயும் இருக்குறது இரும்புத் தட்டு, அதுல துரு ஏறி உப்பி, செதில் செதிலா உதிர்ந்து காயில் ஆடுற இடுக்குக்குள்ள விழும், அப்புறம் ஒவ்வொரு பேஸுக்கும் கரகரன்னு உரசும், அதை ரிப்பேர் பண்ணவே முடியாது. நியோடைமியம் காந்தம்னா அதோட பூச்சு போச்சுன்னா காந்தமே அரிச்சுப் போகும். பேப்பர் கோன் ஈரத்துல ஊறும். ஃபோம் சரவுண்டு சில வருஷத்துல பொடிப்பொடியா உதிரும். அதனால நம்ம ஊருக்கு கோன் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக், சரவுண்டு ரப்பர், இது ரெண்டும் கட்டாயம். ஸ்பேசர் எம்டிஎஃப் பலகையில செஞ்சு குடுப்பாங்க, பாக்க அழகா இருக்கும், ஒரே மழைக் காலத்துல ஊறி வீங்கிடும், கெட்டி பிளாஸ்டிக்லயோ அலுமினியத்துலயோ கேளுங்க. ஸ்பீக்கருக்கு மேல தண்ணி சொட்டாம இருக்க குடை மாதிரி ஒரு மழைத் தடுப்பு கிடைக்கும், விலை ரொம்ப கம்மி, போட்டுடுங்க. ஒயர் வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அது செம்பு முலாம் பூசுன அலுமினியம், கரன்டையும் கம்மியாத்தான் கடத்தும், உப்புக் காத்துல சீக்கிரம் பொடியாவும் போகும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குனவங்களுக்கு இன்னொண்ணு. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் வந்தப்ப பாண்டி ரெயின்போ நகர் மாதிரி ஏரியாவுல காரெல்லாம் தண்ணியில நின்னுச்சு. டோர் பேடைக் கழட்டுறப்ப ஸ்பீக்கர் ஃபிரேம்ல சேறு காஞ்ச கோடு, ஒயரை இணைக்கற கப்ளரோட பின்னுல பச்சைப் பூசணம் மாதிரி படிவு இருந்தா, ஸ்பீக்கர் மாத்துறதை அங்கயே நிறுத்திட்டு முதல்ல வண்டியோட ஒயரிங்கைக் காட்டுங்க.

அளவும் ஆழமும்

6.5 இஞ்ச்னு எழுதியிருந்தா மட்டும் எல்லாம் சேராது. காந்தத்தோட ஆழம் ஜாஸ்தியா இருந்தா கண்ணாடியை இறக்கும்போது போய் இடிக்கும், அதனால மாட்டறதுக்கு முன்னாடி கண்ணாடியை முழுசா இறக்கி வச்சிட்டு அளக்கணும். முன் பக்கம் ட்வீட்டர் துருத்திக்கிட்டு இருந்தா டோர் பேட் கிரில்ல முட்டும். ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுத்தறதை விடாதீங்க, உங்க மாடலுக்கு ஏத்த கப்ளர் தனியா கிடைக்கும், வாரன்டி இருக்குற வண்டிக்கு இது ரொம்ப முக்கியம். பின்னாடி வண்டியை விக்கறப்ப பழசையே திருப்பி மாட்டவும் அது உதவும். அதோட, கம்பெனி போட்டுக் குடுக்காத எலக்ட்ரிக்கல் சாமான் எதுவும் சாதாரண இன்சூரன்ஸ்ல தானா சேராது, ஐஎம்டி 24ன்னு ஒரு இணைப்பு இருக்கு, பில்லைக் காட்டி அதுல சேக்கச் சொல்லணும்.

ஆம்ப் எப்ப வேணும்

ஸ்பீக்கரும் டோரும் சரி பண்ணியும் வால்யூமை முக்காலுக்கு மேல வச்சா சத்தம் கிழியுதுன்னா அப்ப ஆம்ப் பத்தி யோசிங்க. அந்தக் கிழியுற சத்தத்துக்குப் பேரு கிளிப்பிங், மேல கணக்குல பாத்த 52 வாட் சப்பை அலை. "கம்மி பவர் குடுத்தா ஸ்பீக்கர் எரியும்"னு சொல்லுவாங்களே, அதுல பாதிதான் உண்மை. கம்மி பவரால எதுவும் எரியாது, கம்மி பவர் ஆம்பை முறுக்கிக் கிளிப் ஆக விடும்போது ரெண்டு மடங்கு பவரும், இல்லாத உச்ச ஸ்தாயியும் சேந்து ட்வீட்டருக்குப் போகுது, அதுலதான் ட்வீட்டர் போயிடுது.

நாலு சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ் குடுக்குற கிளாஸ் டி ஆம்ப் வீட்டு ஆளுங்களுக்குத் தாராளம். மொத்தம் 200 வாட், நஷ்டத்தையும் சேத்தா 250, அதை இன்ஜின் ஓடும்போது சாதாரணமா இருக்குற 13.8 வோல்ட்டால வகுத்தா 18 ஆம்பியர், எட்டு கேஜ் தடிமன் செம்பு ஒயரே போதும். பேட்டரியில இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள ஃபியூஸ் இருந்தே ஆகணும், இதுல மட்டும் சமாதானமே கூடாது. ஆம்ப் பக்கம் ஃபியூஸ் இருக்கேன்னு சொன்னா ஏத்துக்காதீங்க, நடுவுல ஒயர் பாடியில உரசி ஷார்ட் ஆனா பேட்டரி மொத்தக் கரன்டும் அந்த ஒயர்ல ஓடி தீப்பிடிக்கும், அதைத் தடுக்கறது பேட்டரி பக்கத்துல இருக்குற ஃபியூஸ் மட்டும்தான். ஸ்டீரியோலயோ ஆம்ப்லயோ ஹை பாஸ் ஃபில்டர் (வச்ச அளவுக்குக் கீழ இருக்குற பேஸைத் தடுக்கறது) இருந்தா டோர் ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ்ல வைங்க, ஆழ்ந்த பேஸுக்காக நாலு மடங்கு ஆடுற தொல்லை ஸ்பீக்கருக்கு விட்டுப்போகும், மீதி எல்லாம் தெளிவாகும். அந்த ஆழ்ந்த பேஸ் கண்டிப்பா வேணும்னா அதுக்கு பேஸுக்குன்னே இருக்குற ஸ்பீக்கரான சப் வூஃபர்தான் வழி, டோர் ஸ்பீக்கர்கிட்ட எதிர்பாக்கறது நியாயம் இல்ல.

காதுக்கும் ஒரு அளவு இருக்கு. அமெரிக்காவோட வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் சொல்ற வரம்பு 85 டெசிபெல்லுக்கு 8 மணி நேரம், 3 டெசிபெல் ஏற ஏற நேரம் பாதி பாதியாக் குறையும், 100க்கு 15 நிமிஷம்தான். பின் சீட்ல குழந்தைங்க இருந்தா இதைக் கண்டிப்பா மனசுல வைங்க.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி

கடையில வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி இன்ஜினை ஓடவிட்டு, பேஸ் பூஸ்ட் எல்லாம் ஜீரோல வச்சு, உங்களுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரு பாட்டைப் போடுங்க, கடைக்காரர் போடுற டெமோ பாட்டு வேணாம். கண்ணாடி நாலையும் ஏத்தி இறக்குங்க. அப்புறம் பேலன்ஸை முழுசா இடது பக்கம், முழுசா வலது பக்கம், கடைசியா நடுவுலன்னு வச்சுக் கேளுங்க. தனித்தனியாக் கேக்கும்போது நல்லா இருந்த பேஸ் நடுவுல வச்சதும் மெலிஞ்சு போச்சுன்னா ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கு, ஒரு கோன் முன்னாடி போறப்ப இன்னொண்ணு பின்னாடி போகுது. ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியோட பிளஸ்ஸை, ஸ்டீரியோல இருந்து கழட்டுன ஸ்பீக்கரோட பிளஸ் ஒயர்லயும் மைனஸை மைனஸ் ஒயர்லயும் ஒரு நொடி தொட்டா கோன் வெளிய வரணும். உள்ள போச்சுன்னா அந்தப் பக்க டோரை அங்கயே கழட்டி மாத்தச் சொல்லுங்க.